ஈரம் நீங்கிய குழாய்

சிவகாசிக்காரனுக்குக் கலவையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெடியுப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, அலுமினியப் பொடி எவ்வளவு என்பதுதான் இந்த ஊரின் பிழைப்பு. நாங்கள் ‘மருந்து’ என்று சொல்லும் அந்தக் கலவையில் ஒரு விசேஷம் உண்டு. எரிவதற்கு வெளிக்காற்றை அது நம்பியிருப்பதில்லை. வேண்டிய ஆக்ஸிஜனை உப்புக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறது. குழாயில் அடைத்து மூடிவிட்டால் அப்புறம் விகிதத்தை மாற்ற ஆண்டவனாலும் ஆகாது. பெட்ரோல் எஞ்சினும் மருந்து எரிக்கும் குழாய்தான். ஆனால் அது ஆக்ஸிஜனை அவ்வப்போது வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சின் அந்த ஒரு நிமிடத்தில் 6,000 தடவை புதிதாக மருந்து கலக்க வேண்டும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. வெயில், மழை, மேடு, பள்ளம் எது வந்தாலும் கை தவறக் கூடாது.

இந்த வேலையை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் கார்ப்பரேட்டர் பார்த்தது. மூளை இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு குறுகல், ஒரு ஜெட், ஒரு மிதவை. பழைய அம்பாசடரில் இருந்த எஸ்.யூ. கார்ப்பரேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் இருக்கும் சிறு மூடியைத் திருகி எடுத்தால் மெல்லிய கம்பி ஒன்று எண்ணெய் சொட்டிக்கொண்டு வெளியே வரும். கீழே பிஸ்டன். அதன் அடியில் நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் ஊசி. எஞ்சின் அதிகமாக மூச்சிழுத்தால் பிஸ்டன் மேலே ஏறும். ஊசியும் கூடவே ஏறி, ஜெட்டின் வாய் அகலும். அந்த ஊசியின் சரிவில்தான் எஞ்சினின் மொத்தச் சுபாவமும் இருக்கிறது. நம்மூர் மெக்கானிக்குகள் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விரல் நகத்தால் தடவித் தேய்மானம் பார்ப்பார்கள்.

கார்ப்பரேட்டரை எல்லோரும் கவனிக்கிறார்கள். அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் மேனிபோல்டை அநேகமாக யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. என் ரசனை முழுக்க அந்தக் குழாய்களில்தான். அதிலும் 1960களின் அமெரிக்க மசில் கார் எஞ்சின்களில் இருந்தவற்றுக்கு இணை கிடையாது. மசில் கார் என்றால் நடுத்தர அளவுக் காரில் பெரிய காருக்கான வி8 எஞ்சினைத் தூக்கி வைத்தது. 1964இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வில் 389 கன அங்குல எஞ்சின், ஏறத்தாழ 6.4 லிட்டர். நம்ம அம்பாசடரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

அந்தக் குழாய்களில் எனக்கு எப்போதும் முதலிடம், மசில் கார் என்ற பேச்சு எழுவதற்குச் சற்று முந்தைய கிறைஸ்லர் 300எஃப் காரில் இருந்தது. 1960. எஞ்சின் 413 கன அங்குலம், 375 குதிரைசக்தி. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினைக் குறுக்கே கடந்து போகும் நீண்ட அலுமினியக் குழாய்கள். இடப்பக்கச் சிலிண்டர்களுக்கான கார்ப்பரேட்டர் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், வலப்பக்கத்துக்கானது இடப்பக்கம். குழாயின் நீளம் 30 அங்குலம். இது அலங்காரத்துக்குச் செய்ததில்லை. பிஸ்டன் இழுக்கும்போது குழாயில் ஒரு தாழ்வழுத்த அலை கிளம்பி, ஒலியின் வேகத்தில் திறந்த முனைக்கு ஓடுகிறது. அங்கே முட்டி, உயர் அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டால் கூடுதலாக ஒரு பிடி காற்றை உள்ளே தள்ளிவிடும், இனாமாக. 30 அங்குலம் போய் 30 அங்குலம் திரும்ப, விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல். 2,800 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 70 டிகிரி சொச்சம் திரும்பும். அந்த எஞ்சினின் இழுவிசை உச்சம் சரியாக அந்த 2,800இல்தான் இருந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம். அதே ஆண்டில் 400 குதிரைசக்தி கேட்டவர்களுக்கு ஒரு மாற்றுக் குழாய் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே நீளம், அதே வளைவு. உள்ளே குழாய்களைப் பிரிக்கும் சுவரைப் பாதித் தூரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அலையைப் பொறுத்தவரை 30 அங்குலம் 15 ஆகிவிட்டது; உச்சம் மேல் சுற்றுகளுக்கு நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்த வேலை. வார்ப்புக் கலை என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு அழகான குழாய்களுக்குச் சாலையில் நல்ல பெயர் இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகாது, மெதுவாகப் போனால் திணறும், மைலேஜ் கேட்கவே வேண்டாம். பந்தயத்துக்கென்று வந்த டனல் ராம் வகை இன்னும் மோசம். இரண்டு கார்ப்பரேட்டரை உச்சியில் வைத்து, நேராகக் கீழிறங்கும் அகலக் குழாய்கள். கடைத்தெருவுக்கு அதை ஓட்டிப் போனவன் நொந்துதான் வீடு திரும்பினான். காரணம் குழாயின் தலையில் இரண்டு வேலைகளைச் சுமத்தியதுதான். காற்றைக் கொண்டுபோக வேண்டும், அந்தக் காற்றில் மிதக்கும் பெட்ரோல் துளிகளைக் கீழே விழாமலும் கொண்டுபோக வேண்டும். நீளமும் அகலமும் காற்றுக்கு நல்லது. துளிகளுக்கோ அது சாபம்: காற்று மெதுவானால் துளி கனத்துச் சுவரில் ஒட்டும், வழியும், குட்டையாகத் தேங்கும். ஒரு சிலிண்டருக்கு வெறும் காற்று, பக்கத்துச் சிலிண்டருக்குக் குடம் குடமாகப் பெட்ரோல். பெட்ரோலை ஆவியாக்குவதற்காகவே மேனிபோல்டின் அடியில் சைலன்சர் பக்கத்துச் சூட்டைத் திருப்பி விட்டார்கள். காற்றைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய இடத்தை அடுப்பில் வைத்தது போலாயிற்று.

பெட்ரோலை வால்வின் வாசலிலேயே தெளித்துவிட்டால்? குழாய் முழுக்க வெறும் காற்று. ஈரம் இல்லை, தேக்கம் இல்லை, சூடு தேவையில்லை. அன்று சாலையில் தோற்ற குழாய்கள் இன்று சாதுவாக ஓடுவது இதனால்தான். பழைய மேனிபோல்டில் புதிய இன்ஜெக்டர் வைப்பதைப் பலர் பழமை மோகத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குழாயை வடித்தவர் காற்றைப் பற்றி நினைத்தது அத்தனையும் சரி. அவர் கையில் இல்லாதது ஒரு நல்ல தெளிப்பான். அறுபது ஆண்டு கழித்து அதைக் கொடுத்திருக்கிறோம்.

அந்தக் காலத்தவர்கள் தெளிப்பை முயலாமலும் இல்லை. 1957இல் ஷெவ்ரலே கார்வெட்டில் ரோச்செஸ்டர் ராம்ஜெட் என்ற தெளிப்பு முறை வந்தது. ஜான் டோல்சாவும் சோரா ஆர்க்கஸ்-டன்டாவும் உருவாக்கியது. மின்னணு எதுவுமில்லாத, முழுக்க இயந்திர வகை. 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைசக்தி. வரிவரியாகத் துடுப்புகள் எழுந்த அதன் அலுமினியப் பெட்டியை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் சொத்து விலை கொடுத்து வாங்குகிறார்கள். மறு ஆண்டு கிறைஸ்லர் நிறுவனம், பென்டிக்ஸ் செய்த எலெக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு முறையைத் தன் கார்களில் வைத்துப் பார்த்தது. யோசனை கச்சிதம். அன்றைய மின்பாகங்கள்தான் எஞ்சின் சூட்டில் கைவிட்டன. விற்ற கார்களே சொற்பம். அவற்றிலும் அநேகமானவற்றைத் திரும்ப வரவழைத்துக் கார்ப்பரேட்டர் மாட்டி அனுப்பினார்கள். அந்தக் காப்புரிமைகளின் வழியே போய்த்தான் ஜெர்மனியின் போஷ் 1967இல் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணுத் தெளிப்பு முறையைக் கொண்டுவந்தது. தாத்தா காலத்து யோசனை தலைமுறை தாண்டி, கடல் தாண்டிப் பலித்தது.

இன்றைய கைவேலையைச் சொல்கிறேன். பழைய மேனிபோல்டைக் கழற்றித் தலைகீழாக வைத்து, ஒவ்வொரு குழாயும் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே துளை போட வேண்டும். துளையின் சாய்வுதான் உயிர். இன்ஜெக்டரின் தெளிப்பு குழாய்ச் சுவரில் படாமல் வால்வின் முதுகில் போய் விழ வேண்டும். கால் அங்குலம் பிசகினால் பழைய ஈரம் பின்வாசல் வழியாக வந்துவிடும். துளையில் அலுமினியக் குமிழ் ஒன்றை வைத்து ஆர்கான் வெல்டிங் பிடிக்கிறார்கள். அறுபது ஆண்டு எண்ணெய் குடித்த வார்ப்பு அது. சுத்தம் பண்ணாமல் பிடித்தால் ஒட்டு முழுக்கப் பொக்கு பொக்காக எழும்பும். சூட்டில் முகம் வளைந்துவிடும் என்பதால் பிறகு மில்லிங்கில் போட்டுச் சமன் செய்ய வேண்டும். நல்ல கைக்காரர் அதோடு விடுவதில்லை. வெல்டிங் தடத்தை ராவி, மணல் அடித்து, பழைய வார்ப்பின் சொரசொரப்பையே திரும்ப வரவழைக்கிறார். பெட்ரோல் வரும் குழாய், மேனிபோல்ட் குழாய்களின் அடிப்பள்ளத்தில் மறைகிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கூட்டுக்குள் சென்சார் உட்காருகிறது. மேலே இருக்கும் கார்ப்பரேட்டரின் வயிற்றைக் காலி செய்து, காற்றைத் திறந்து மூடும் கதவாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். சைலன்சரில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கணினிப் பெட்டி. பானெட்டைத் திறந்தால் 1965.

சந்தையில் இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் அதே உருவத்தில் ஒரு த்ராட்டில் பாடியைப் பூட்டுகிறார்கள், இன்ஜெக்டர்கள் அதற்குள்ளேயே. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஸ்டார்ட்டிங் பிரச்சினை தீரும், மைலேஜும் கொஞ்சம் தேறும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ரோல் மறுபடியும் உச்சியிலிருந்தே கிளம்புகிறது. குழாய் மறுபடியும் ஈரம் சுமக்கிறது. கணக்கப்பிள்ளையை மாற்றியாயிற்று, கடை பழைய கடைதான்.

நம் பக்கத்தில் இந்தப் பெரிய வி8களுக்கு இடமில்லை. விருதுநகர் பஜாரில் 300எஃப் நுழைந்தால் திரும்பி வெளியே வராது. ஆனாலும் பழைய எஞ்சினுக்குப் புதிய தெளிப்பு என்ற கதை நம் மாநிலத்திலேயே, திருவொற்றியூரில் நடந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்த நிறுவனத்தின் புல்லட் பைக்கின் 70க்கு 90 மில்லிமீட்டர், 346 சிசி எஞ்சின் அரை நூற்றாண்டு ஓடியது. பிறகு 2009இல் வந்த கிளாசிக் 500: 84க்கு 90, 499 சிசி. பழைய நீண்ட ஸ்ட்ரோக்கை விடவில்லை. தெளிப்பு மட்டும் கெய்ஹினின் மின்னணு முறை. தள்ளி நின்று பார்ப்பவனுக்குப் புல்லட்தான். அருகில் வந்தால் கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் த்ராட்டில் பாடி.

அந்த வண்டியின் கைப்பிடியில் ஒரு சிறு நெம்பு இருக்கும். பை-ஸ்டார்ட்டர் என்பார்கள். பார்த்தால் பழைய சோக் மாதிரி. காலைக் குளிரில் அதை இழுத்தால் ஐடிலிங் கொஞ்சம் ஏறும். இன்ஜெக்டர் வண்டிக்கு இது எதற்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்த நெம்பைப் பிடிக்கும். பழகிய விரலுக்குப் பழகிய இடத்தில், பாசாங்கு இல்லாமல் உண்மையான வேலை. இதற்கு நேர்மாறு இங்கிலாந்தின் ட்ரையம்ப் போன்வில். 2008இல் அது இன்ஜெக்‌ஷனுக்கு மாறியபோது த்ராட்டில் பாடிகளுக்குப் பழைய கார்ப்பரேட்டரின் வேஷம் போட்டார்கள். வேஷம் பிரமாதம், ஏமாறாதவர் குறைவு. ஆனால் மிதவைக் கிண்ணம் போல வடித்துவிட்டு உள்ளே மிதவை இல்லாமல் விட்டது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். மறைப்பது வேறு, நடிப்பது வேறு. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் இந்த விவாதத்துக்கே வேலை இல்லாமல் போயிற்று. 350 புல்லட்டும் இன்ஜெக்டர் மாட்டிக்கொண்டது. புகைக்கு வந்த சட்டம் எங்கள் ஊரையும் விடவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்தை, எங்கள் பேச்சில் பச்சை உப்பை, பட்டாசிலிருந்து நீக்கச் சொன்னது. பெட்டி மேல் பழைய பெயரும் பழைய படமும். உள்ளே மருந்து வேறு. புல்லட்டைப் பார்த்து நாங்கள் ஆச்சரியப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வெயிலுக்கு இந்த மாற்றம் வரப்பிரசாதம். ஏப்ரல், மே மாதங்களில் சாத்தூர் ரோட்டில் 40 டிகிரி சர்வசாதாரணம். 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்று எட்டு சதவீதம் மெலிந்தது. கார்ப்பரேட்டருக்கு அந்த மெலிவை அளக்கத் தெரியாது. பெட்ரோலைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே ஊற்றும். அதற்கு மேல் பம்பு சூடேறிக் குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவிக்குமிழி அடைத்துவிடும். நட்டநடு ரோட்டில் அம்பாசடரை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுப் புளியமர நிழலில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் இருப்பதால் அவ்வளவு லேசில் கொதிக்காது. இப்போது பங்கில் ஊற்றுவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு காற்று போதும் என்பதால், கலப்புப் பெட்ரோலுக்கு 14.7 என்ற பழைய கணக்கு 13.5 பக்கம் இறங்குகிறது. சைலன்சரில் இருக்கும் சென்சார் அதை மோந்து பார்த்துத் திருத்திவிடும். பழைய ஜெட்டைப் பொறுத்தவரை நாமேதான் பெரிய துளைக்கு மாற வேண்டும்.

அம்பாசடருக்கே இதைச் செய்தால் என்ன? ஆசை இருக்கிறது, அதோடு ஒரு பழைய முடிச்சும் இருக்கிறது. அம்பாசடரின் பி.எம்.சி. பி வரிசை எஞ்சினில் சிலிண்டர் நான்கு, இன்டேக் வாசலோ இரண்டே இரண்டு. ஒன்றும் இரண்டும் ஒரு வாசலில், மூன்றும் நான்கும் இன்னொன்றில். எரியும் வரிசை 1-3-4-2. ஆக ஒரு வாசலில் இரண்டாம் சிலிண்டர் இழுத்து முடிக்கும் முன்பே ஒன்றாம் சிலிண்டர் இழுக்கத் தொடங்கும். அதன் பின் நீண்ட ஓய்வு. வாசலில் ஓர் இன்ஜெக்டரை வைத்து விடாமல் தெளித்தால், ஓய்வில் சேர்ந்த பெட்ரோலையெல்லாம் முதலில் வாய் திறக்கும் உள்பக்கச் சிலிண்டர் வாரிக்கொள்ளும். அடுத்து வரும் வெளிப்பக்கத்துக்குக் காற்றுதான் மிச்சம். பந்தியில் பிந்தியவன் கதை. இதே வாசல் அமைப்புள்ள சிறிய மினி காருக்கு 1991இல் ரோவர் நிறுவனம் ஒற்றை இன்ஜெக்டரை உச்சியில் வைத்துச் சமாளித்தது. 1996இல்தான் இரண்டு இன்ஜெக்டரை வைத்து, எந்தச் சிலிண்டருக்கு எந்த நொடியில் தெளிப்பது என்று நேரம் குறித்துப் பிரித்துக் கொடுத்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்தத் தலைவலியை எடுத்துக்கொள்ளவில்லை. அம்பாசடரில் இசுசுவின் 1,800 சிசி எஞ்சினை மாற்றிப் போட்டு வேறு வழியில் போய்விட்டது. 2014 மே மாதம் கதையும் முடிந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்த ஒரு பி வரிசை எஞ்சினைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எஸ்.யூ. அப்படியே இருக்கட்டும், வெறும் கதவாக. இரண்டு வாசலுக்கும் இரண்டு இன்ஜெக்டர், கிராங்கில் பல்சக்கரம், நேரம் குறிக்கக் கணினி. விருதுநகரில் பட்டறை வைத்திருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். “கார்ப்பரேட்டருன்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும் அண்ணாச்சி, இதுக்கு நீங்க லேப்டாப்பைத் தூக்கிட்டு வரணும்” என்றார். கொண்டு வருகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் பானெட்டுக்குள் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் மேனிபோல்ட் ஓரத்தில் ஆயில் கேனால் ஒரு சொட்டு விட்டார். எஞ்சினின் சத்தம் ஒரு கணம் மாறித் திரும்பியது. “முதல்ல இந்த காஸ்கெட்டை மாத்துவோம். காத்து இழுக்குது. இதை வச்சுக்கிட்டு எந்தக் கம்ப்யூட்டரு வந்தாலும் கணக்கு தப்பாத்தான் போடும்.”